மாத்திரை வேலை செய்யும் வரை கேமரா காத்திருக்கிறது

எங்கள் மாமாவைப் பற்றி ஒரு பையன் 11 நிமிடத்தில் ஆவணப்படம் எடுத்திருக்கிறான். மாமா சேலம் அம்மாபேட்டையில் போர்டு எழுதுகிறவர், அதற்கு முன்னால் சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்து பேனரை விழுங்கியது. இப்போது 6 வருடமாகப் பார்க்கின்சன், கை நடுங்க வைக்கும் நரம்பு நோய்.

பையன் முதலில் போட்டுக்காட்டியபோது படம் முழுக்க வயலின், கூடவே விதி, போராட்டம் என்று விடாமல் பேசும் ஒரு குரல். அத்தை அழுதுவிட்டார். மாமா மட்டும், "நான் எழுதுனதக் காணோமே தம்பி" என்றார். அவன் நல்ல பையன், மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வந்தான்.

இப்போது இசை கிடையாது, குரல் கிடையாது, ஒரே அறை, அசையாத கேமரா. மாமா மாத்திரை போடுகிறார். அது வேலை செய்யும்வரை காத்திருக்கிறார், நாமும் காத்திருக்கிறோம், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது, மடியில் கிடக்கும் வலது கையில் கட்டைவிரல் எதையோ உருட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் எழுந்து பிரஷ்ஷை எடுக்கிறார். நடுக்கம் பாதியாகிறது! இந்த நோயில் பலருக்குக் கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் அதிகம், வேலையில் இறங்கினால் குறையும். இது தெரியாமல்தான் எத்தனை கடைக்காரர்கள் "கை நடுங்குது, பாவம், அவருக்கு எதுக்குச் சிரமம்" என்று வேலை கொடுப்பதையே நிறுத்தினார்கள்.

சுவரில் 'ஏற்காடு' என்று எழுதுகிறார். ஏ ஒரு சாண் உயரம், டு வரும்போது விரல் அளவு. போகப்போக எழுத்து சிறுத்துவிடுவதும் இதே நோயின் வேலைதான். அத்தை ஒரு முனையைப் பிடிக்க, சாக்பீஸ் தேய்த்த நூலைச் சுண்டி மேலும் கீழும் இரண்டு கோடு போடுகிறார். மறுபடி எழுதுகிறார். இந்தமுறை எழுத்து சிறுக்கவில்லை. இப்படிப்பட்டவர்களைக் கோடு போட்ட தாளில் எழுதிப் பழகச் சொல்வார்கள், மாமா அதையே தன் தொழிலிலிருந்து எடுத்துக்கொண்டார். படம் இதை விளக்குவதே இல்லை, பார்க்கிறவருக்கே புரிகிறது.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரை 1915ல் நடிகர் சாஷா கித்ரி எடுத்த சில நிமிட ஊமைப்படம் இணையத்தில் கிடைக்கிறது. முடக்குவாதத்தில் மடங்கிப்போன விரல்களுக்கிடையே பிரஷ், அவர் பாட்டுக்கு வரைகிறார். நம் ஊரில் நோயாளிக் கலைஞர் என்றாலே கண்ணீரை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது கோபம் வரவைக்கிறது, ஏனென்றால் அழுது முடித்ததும் எழுந்து போய்விடுவோம், அவர் எப்படி எழுதினார் என்று யாரும் பார்த்திருக்கமாட்டோம்.

ஒரே ஒரு குறை. கடைசியில் மலையில் மேகம் இறங்கும் காட்சி ஒன்று வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மாமா ஏற்காடு ஏறி வருடக்கணக்கு ஆகிறது. அதை எடுத்துவிடு தம்பி என்று சொல்லியிருக்கிறேன். மாமா பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசி, துணியில் துடைத்து, டப்பாவில் நிறுத்திவைக்கிறாரே, படம் அங்கேயே முடிந்துவிட்டது.