அந்த நீல ஷெல்பி கிடைக்காமலே போகட்டும்

போன வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஒரு வீடியோ அனுப்பினான். கருநீலத்தில் பளபளவென்று ஒரு 1967 ஷெல்பி ஜிடி500, அதாவது ஃபோர்டு மஸ்டாங்கை ஷெல்பி என்பவர் வேகத்துக்காக மாற்றிச் செய்த கார். மேலே பெரிய எழுத்தில், ஜிம் மாரிசனின் தொலைந்த கார் கிடைத்துவிட்டது என்று தலைப்பு. கூடவே அவனுடைய ஒரு வரி: "அண்ணே, உங்க ஆளோட வண்டி கிடைச்சிருச்சாமே!"

உடனே திறந்து பார்த்தேன். நாலு நிமிஷம் ஓடியதும் விஷயம் தெரிந்துவிட்டது. வண்டி வேறு யாருடையதோ. சமீபத்தில்தான் மாரிசன் வண்டியின் நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இந்த மாதிரி அறிவிப்பு அவ்வப்போது வரும், நானும் ஒவ்வொரு தடவையும் படபடப்போடு திறந்து பார்ப்பேன். அது இல்லை என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிடும். "கிடைக்கலைன்னா வருத்தம்தானே படணும், நீங்க ஏன்ண்ணே சந்தோஷப்படுறீங்க?" என்று அவன் கேட்டான். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. தி டோர்ஸ் இசைக்குழுவின் பாடகர் ஜிம் மாரிசன். 1967 ஜூலையில் அவர்களுடைய 'லைட் மை ஃபயர்' பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அந்த வெற்றிக்குப் பரிசாக அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான எலெக்ட்ரா ரெக்கார்ட்ஸ் அவருக்குக் கொடுத்த வண்டிதான் இது. நைட்மிஸ்ட் ப்ளூ என்ற கருநீலம். அவர் அதை 'தி ப்ளூ லேடி' என்று அழைத்ததாகச் சொல்வார்கள். 1971 ஜூலை 3-ஆம் தேதி பாரிஸில் இறந்தபோது அவருக்கு வயது 27. வண்டி அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. இன்றுவரை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த வண்டிக்கும் அந்த மனிதருக்கும் ஊர் ஒன்று. லாஸ் ஏஞ்சலிஸில் வெனிஸ் என்று ஒரு கடற்கரைப் பகுதி இருக்கிறது. வண்டியின் பெயரில் இருக்கும் ஷெல்பி, டெக்சாஸ்காரரான கேரல் ஷெல்பி. 1959-ல் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தை ஜெயித்தவர், இதயக் கோளாறால் பந்தயம் ஓட்டுவதை நிறுத்தியவர். அவர் தன் கோப்ரா கார்களுக்காக 1960-களின் தொடக்கத்தில் பட்டறை போட்டது இந்த வெனிஸில்தான். 1965-ல் இடம் போதாமல் விமான நிலையத்தை ஒட்டிய பெரிய கொட்டகைகளுக்கு மாறினார். அதே 1965 கோடையில் வெனிஸ் கடற்கரை மணலில் ரே மன்சாரெக்கைச் சந்தித்தார் மாரிசன். இருவரும் திரைப்படம் படித்த கல்லூரித் தோழர்கள். மாரிசன் தான் எழுதி வைத்திருந்த வரிகளைப் பாடிக் காட்ட, குழு பிறந்தது. வண்டிக்காரர் காலி செய்துவிட்டுப் போன பேட்டைக்குப் பாட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ரெண்டு வருஷம் கழித்து அந்தக் கொட்டகையிலிருந்து வந்த வண்டி ஒன்றின் சாவி இவர் கைக்கு வந்தது.

இந்த மாதிரி வண்டியை மஸில் கார் என்பார்கள். அப்படியென்றால் என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். நடுத்தர அளவு வண்டிக்குள் பெரிய வண்டியின் இன்ஜினைத் திணித்து விற்றார்கள், அவ்வளவுதான். மஸ்டாங்கை மஸில் காரோடு சேர்க்கக் கூடாது, அது 'போனி கார்', அதைவிடச் சின்ன ஸ்போர்ட்ஸ் வண்டி வகை என்று வாதாடுபவர்கள் உண்டு. ஜிடி500-ன் பானட்டைத் திறந்து காட்டினால் அவர்களும் அமைதியாகிவிடுவார்கள். ஃபோர்டு போலீஸ் வண்டிகளுக்கென்று வைத்திருந்த 428 கன அங்குல வி8 உள்ளே உட்கார்ந்திருக்கும். 7 லிட்டர். மேலே பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ரெண்டு ஹோலி கார்புரேட்டர்கள். கம்பெனி சொன்ன கணக்கு 355 குதிரைத்திறன். அன்றைய விலை 4,195 டாலர். 1967 டிசம்பரில் நியூ ஹேவனில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் ஏறி மாரிசனைக் கைது செய்தது போலீஸ். அப்படிப்பட்டவர் வண்டிக்குள் போலீஸ் இன்ஜின் ஓடியது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது ஒரு பக்கம். நான் ஒரு தடவை ஒரு 67 ஜிடி500-க்குள் உட்கார்ந்திருக்கிறேன். மலைப்பாதையில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிக்காரர்கள் அங்கே கூடுவார்கள். வண்டி கரும்பச்சை. உரிமையாளருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் ரெண்டு சுற்று சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டு, அவரே கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். தலைக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றும் ரோல் பார் கறுப்புக் குழாயில், அதிலிருந்து தொங்கும் தோள் பட்டை. கைக்கு வழவழவென்று மர ஸ்டீயரிங். அந்த மரத்தில் பத்து மணி, ரெண்டு மணி இடங்களில் மட்டும் பாலிஷ் போய் வெளுத்திருந்தது. ஐம்பது வருஷக் கை வியர்வை. கிளட்ச்சை மிதித்துப் பார்த்தேன், காலில் முழு பலத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. ரெண்டு மூன்று தடவை இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டதும் சத்தம் காதுக்கு வருவதற்கு முன் முதுகுக்கு வந்தது. பெட்ரோல் நெடி. ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் நின்றவர்களின் முகங்கள் எல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தன. ஐட்லிங்கில் ஒரே சீராக நிற்காது அந்த இன்ஜின். கொஞ்சம் இறங்கும், நின்றுவிடுமோ என்று பயம் காட்டும், திரும்ப ஏறும்.

நல்ல பாடகர் வரியைத் தொடங்குவதற்கு முன் மூச்சை இழுத்து நிறுத்துவாரே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த வண்டியை மாரிசன் ஏன் விரும்பினார் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதே மாரிசன்தான் இன்னொரு காரை உடைப்பேன் என்று நின்றவர்.

'லைட் மை ஃபயர்' பாட்டைத் தன் புதிய சின்னக் காரின் விளம்பரத்துக்குக் கேட்டது ப்யூக் கம்பெனி. தருவதாகச் சொன்ன தொகை 75,000 டாலர். மாரிசன் அப்போது ஊரில் இல்லை. குழுவின் மற்ற மூவரான மன்சாரெக், ராபி க்ரீகர், ஜான் டென்ஸ்மோர் சரி என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தவர் கொதித்துப் போனார். விளம்பரம் வந்தால் ஒரு ப்யூக்கைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குவேன் என்று மிரட்டியதாக டோர்ஸ் வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அந்தப் பாட்டின் பெரும்பகுதியை எழுதியது க்ரீகர், மாரிசன் இல்லை. தன் பேனாவிலிருந்து வராத பாட்டுக்காக அப்படி ஒரு கோபம். விளம்பரத் திட்டம் கைவிடப்பட்டது.

காரை அவ்வளவு நேசித்தவர் கார் விளம்பரத்தை ஏன் வெறுக்க வேண்டும், முரண்பாடாக இருக்கிறதே என்று சிலர் எழுதுகிறார்கள். இதில் எனக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. ஷெல்பியை அவர் ஓட்டினார். ப்யூக்காரர்கள் அவர் குரலை ஓட்டப் பார்த்தார்கள். பாட்டைக் கேட்கிறவன் மனதில் அது ஒரு பெண்ணாகவோ ராத்திரியாகவோ இருக்கலாம், அவன் இஷ்டம். விளம்பரத்தில் ஒரே ஒரு தடவை வந்துவிட்டால், அடுத்த இருபது வருஷத்துக்கு அது அந்த வண்டியின் பாட்டுதான். நல்ல பாட்டுகளுக்கு இப்படி நடந்ததை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

மாரிசன் இறந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு கடில்லாக் கார் கம்பெனி 1.5 கோடி டாலர் தருவதாகச் சொல்லி இன்னொரு டோர்ஸ் பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டது. குழுவில் ஒவ்வொருவருக்கும் மறுக்கும் உரிமை உண்டு என்பது அவர்கள் பழைய ஒப்பந்தம். அதைக் காட்டி டிரம்ஸ் வாசித்த டென்ஸ்மோர் முடியாது என்றார். அந்தப் பணத்தில் அவருக்கும் பங்கு உண்டு. பின்னால் குழுவின் பெயரை வைத்து வழக்கு வந்தபோது மற்ற இருவரும் அவர் மேல் 4 கோடி டாலர் கேட்டு எதிர் வழக்குப் போட்டார்கள், இந்த மறுப்பையும் குற்றமாகச் சேர்த்தார்கள். அவர் அசையவில்லை, கடைசியில் ஜெயித்தார். பாடியவன் உயிரோடு இல்லாத நிலையில் அவன் சொன்ன 'மாட்டேன்' என்ற சொல்லைக் காப்பாற்றிய மனுஷன். ராக் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் காரியங்களில் இது ஒன்று.

சரி, வண்டிக்கு வருவோம். அது உண்மையாகவே ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஒரே வழி, 1969-ல் மாரிசன் நண்பர்களோடு சேர்ந்து எடுத்த 'ஹெச்டபிள்யூஒய்' என்ற படம். முழுமையாகத் திரையரங்குகளுக்கு வரவில்லை. அதன் காட்சிகளை 2009-ல் வந்த 'வென் யூ ஆர் ஸ்ட்ரேஞ்ச்' ஆவணப்படத்தில் பார்க்கலாம். மொஹாவி பாலைவனம். தாடி வைத்த மாரிசன் சாலையோரம் நின்று லிஃப்ட் கேட்கிறார். புளோரிடாவில் கல்லூரி படிக்கும்போது நிஜமாகவே லிஃப்ட் கேட்டு ஊர் ஊராகப் போனவர்தான். அப்பா கடற்படை அதிகாரி, சின்ன வயதிலிருந்தே மாற்றலாகி மாற்றலாகி வாழ்க்கை. சாலைதான் அவருக்குச் சொந்த ஊர் என்று நான் நினைப்பதுண்டு. படத்தில் நீல ஷெல்பி மேலெல்லாம் புழுதி. கழுவித் துடைத்துக் காட்டவில்லை. எனக்கு அந்தக் காட்சியில் பிடித்ததே அந்தப் புழுதிதான்.

எப்படித் தொலைந்தது என்பதற்கு ரெண்டு கதை சொல்கிறார்கள். ஒன்று, சன்செட் சாலையில் ஒரு கம்பத்தில் மோதிவிட்டு, வண்டியை அப்படியே போட்டுவிட்டு விஸ்கி எ கோ கோ கிளப்புக்கு நடந்து போனார், திரும்பி வந்தபோது வண்டி இல்லை. இன்னொன்று, கச்சேரிப் பயணம் கிளம்பும்போது விமான நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போனார், நாள் கணக்கில் நின்றதால் இழுத்துப் போய் ஏலத்தில் விட்டுவிட்டார்கள். எதற்கும் ஆதாரம் இல்லை. ரெண்டாவது கதை உண்மையாக இருக்கக் கூடாதா என்று மட்டும் ஆசைப்படுவேன். பிறந்த கொட்டகைக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

முதல் கதையை ரசித்துச் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. மாரிசன் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார். கூட இருந்தவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். 355 குதிரைத்திறன் வண்டியில், மக்கள் நடமாடும் தெருவில். கம்பத்துக்குப் பதில் ஒரு மனுஷன் நின்றிருந்தால்? பாட்டுக்காக அவரை நேசிக்கிறேன் என்பதால் இதைப் புரட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. நண்பர்கள் சாவியைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும்.

"அதுக்காக வண்டி கிடைக்கக் கூடாதுன்னு சொல்றது சரியாண்ணே? வரலாறு இல்லையா?" என்றான் தம்பி. நியாயமான கேள்விதான். ஷெல்பி ஆர்வலர்கள் ஒவ்வொரு வண்டியின் வரிசை எண்ணையும் பதிவேடாக வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள், அந்த உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் கிடைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியுமே. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் ஒரு குடும்பம் வாங்கியது. வீட்டம்மா ஒரு ஆசிரியை, அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். மெக்வீனே 1977-ல் கடிதம் எழுதித் திருப்பிக் கேட்டார், கொடுக்கவில்லை. கிளட்ச் போனதும் வருஷக் கணக்கில் கொட்டகையில் நின்றது. 2020 ஜனவரியில் புளோரிடா ஏலத்தில் 37.4 லட்சம் டாலர். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டுப் பிள்ளைபோல வைத்திருந்தார்கள். ஆனால் 37 லட்சம் கொடுத்து வாங்கியவர் அதில் காய்கறி வாங்கப் போவாரா? அந்த மஸ்டாங்குக்காவது ஒரு வீட்டு வாழ்க்கை கிடைத்தது. மாரிசன் வண்டி இன்று கிடைத்தால் நேராகக் கண்ணாடிப் பெட்டிதான். முதல் வேலையாகப் புழுதியைத் துடைப்பார்கள். பக்கத்து ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போடுவார்கள். ப்யூக்காரர்களுக்கு அன்று கிடைக்காதது, இந்த ஏலக்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடும். வேண்டாம் என்று சொல்ல அவர் இல்லை.

அந்த மலைப்பாதைக் கடையில் இதையெல்லாம் பச்சை வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். சில வருஷம் முன்னால் ஒரு வியாபாரி வந்து, இதை நைட்மிஸ்ட் ப்ளூவுக்கு மாற்றி மாரிசன் பெயரைச் சொல்லி விற்கலாம், நல்ல லாபம் வரும் என்று ஆசை காட்டினாராம். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். வண்டி பச்சையாக இருக்கிறதே என்றேன், என்றார்.

பேசிக்கொண்டே மணியைப் பார்த்தார். கடையில் வாங்கிய ரெண்டு பை ஆரஞ்சைப் பின்பக்கம் ரோல் பாருக்கு அடியில் உருளாமல் முட்டுக் கொடுத்து வைத்தார். வண்டி மறுபடியும் ரெண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. முதல் வளைவில் மறைந்த பிறகும் கியர் மாற்றும் சத்தம் மலையில் மோதி வந்துகொண்டிருந்தது. ரெண்டாவது, மூன்றாவது, அப்புறம் கீழே இறங்கும் நீண்ட பாதையில் நாலாவது.