பாட்டியின் சிவப்பு ஐசி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டில் கீழ்வீட்டுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். 2022 நவம்பரில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த என் விரலைப் பிடித்து, மையைத் தடவிப் பார்த்தார். "எத்தன நாளுக்குப் போகாது தம்பி?" என்று கேட்டார். அவர் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 சுதந்திரத்துக்கு முன், ரவாங் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. இன்றுவரை சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. அரசாங்க உதவித்தொகை என்றாலே குடிமக்களுக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

2018இல், 60 வயது தாண்டிய 3,407 இந்தியச் சிவப்பு ஐசிக்காரர்களுக்குக் குடியுரிமை என்று அரசு அறிவித்தபோது பாட்டியைப் பதிவிலாகாவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு மக்சிக்கோடு (மலாய்க்கார அம்மா) மணிக்கணக்கில் மலாயில் கதையடிப்பவர், முகப்பில் கேள்வி கேட்டதும் வாயடைத்துப் போனார். "சத்தமா பேசுங்க" என்றார் அதிகாரி, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. எனக்கு வலித்தது அந்தத் தூக்காத தலைதான். சரி, விடுங்கள்.

இதையெல்லாம் பேசினால் நம் ஆட்களே "இன்னொரு மே 13 வேணுமா?" என்கிறார்கள். 1969 மே 13இல் வெடித்த மலாய்-சீன இனக்கலவரத்தில் அரசுக் கணக்குப்படியே 196 பேர் செத்தார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்ததால் வந்த அமைதி என்ன காப்பாற்றியது? 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா பக்கம் கம்போங் மேடானில் நடந்த கலவரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கல்யாணம், ஒரு பக்கம் சாவு வீடு, நடுவில் ஒரு சின்னத் தகராறு. ஆறு உயிர் போனது, பெரும்பாலும் நம்மவர்கள். அதை வெறும் இனச் சண்டை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தோட்டம் கைவிட்டதால் புறம்போக்கில் ஒண்டிய தமிழனும், பிழைப்புத் தேடி வந்த மலாய்க்காரனும் ஒரே சந்தில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். இருவரையும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வருஷக்கணக்கில் காய்ந்த சருகுக்கு ஒரு தீக்குச்சி போதாதா? அப்புறம் ஒற்றுமை விருந்து வைத்து என்ன பயன்?

பாட்டிக்கு மறுபடி மனு போடுகிறோம். மலாய்க் கேள்விகளுக்கு மக்சிக்கே தினமும் மாலையில் பயிற்சி கொடுக்கிறார். தப்பாகச் சொன்னால் திட்டும் விழுகிறது. பாட்டி ரவாங் பக்கத்துத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்று சொல்ல, அவரைவிட மூத்தவர் ஒருவர் வேண்டும். ரவாங் பக்கத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நானே கார் எடுத்து வருகிறேன்.