மலைப்பூண்டு கருக்குழாய் அடைப்பை நீக்குமா?

கொடைக்கானல் மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்து 48 நாள் குடித்தால் கருக்குழாய் (கருமுட்டை கருப்பைக்குச் செல்லும் குழாய்) அடைப்பு கரைந்து குழந்தை தங்கும், மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பூம்பாறை, மன்னவனூர் பக்கமெல்லாம் சுற்றுகிறது. இது உண்மையில்லை.

மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நிஜம். அது விளையும் இடத்துக்கான அங்கீகாரம், மருந்துக்கான சான்று அல்ல. ரசத்தில் தட்டிப் போட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கருக்குழாய் அடைப்பு பெரும்பாலும் கிருமித்தொற்றின் தழும்பு; காசநோயாலும் வரும். எந்த உணவும் அதைக் கரைக்காது. காத்திருந்தால் சிகிச்சைதான் தள்ளிப்போகும்.

உணவுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. எடை மிகக் குறைந்தாலும் கூடினாலும் கருமுட்டை வெளியாவது தடைபடலாம். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடு (PCOS) உடல் பருமனும் உள்ளவர்களுக்கு, எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்புண்டு.

'மாத்திரை வேண்டாம்' என்பதுதான் மிகவும் ஆபத்தான வரி. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த சுமார் 28 நாளில் மூடிவிடும்; பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால்தான் கருத்தரிக்க முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமும் கேட்கலாம்.

ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லையா? மருத்துவரைப் பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே பாருங்கள். கணவரும் கூடவே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பியவரிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.