மலை ஏறுவதற்கு ஸ்பீக்கர் எதற்கு?

வயநாட்டின் மிக உயரமான செம்பரா சிகரத்தில், பாதி மலையில் இருக்கும் இதய வடிவ ஏரியைப் பார்க்கக் கிளம்பி வருகிறவர்களில் ஒரு சாராரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது: காது கிழியப் பாட்டுக் கேட்டுக்கொண்டேதான் நடப்பீர்கள் என்றால், 2,100 மீட்டர் மலையை நோக்கி ஏன் வருகிறீர்கள்?

மேப்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, புல்வெளிச் சரிவில் பாதை ஏறத் தொடங்கும் இடத்தில், முன்னால் போன ஒரு கூட்டம் முதுகுப்பையின் வாரில் புளூடூத் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டுக் குத்துப்பாட்டை அலறவிட்டது. பெரிய மலையேற்றப் பயிற்சி எதுவும் கேட்காத ஏற்றம்தான் அது. ஆனால் சரளைக்கல் சறுக்கும் ஒற்றையடிப் பாதை என்பதால், அவர்களை முந்திப் போகவும் முடியவில்லை, அந்த இரைச்சலிலிருந்து தப்பவும் முடியவில்லை. "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று பொறுமையாகத்தான் சொன்னேன். "மலை என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா அண்ணே?" என்று பதில் வந்தது.

இல்லை, என் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, வயநாட்டைச் சுற்றியுள்ள சில மலைமுகடுகளின் சோலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பாணாசுரச் சிரிப்பான் என்ற பறவை, அழியும் ஆபத்தோடு இந்த மலைகளில்தான் வாழ்கிறது. குரலால்தான் அது தன் இணையைக் கூப்பிடுகிறது, எல்லையைக் காக்கிறது. அதன் வீட்டு வாசலில் நின்று நாம் போடும் கூச்சலுக்குப் பெயர் கொண்டாட்டமா?

ஏரிக்கரையிலாவது அடங்குவார்கள் என்று பார்த்தால், அங்கே படம் எடுப்பதற்காக அதே பாட்டு இன்னும் உரக்க ஒலித்தது. எதிர்ச்சரிவிலிருந்து மேகம் இறங்கி நீரின் மேல் பரவும் அந்தச் சில நிமிடங்களை, அங்கிருந்த ஒருவராலும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் காய்ந்த புல்லுக்கு நடுவே சிகரெட்டும் பற்றவைத்தார். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகளின் உயிரைக் குடித்ததை இவ்வளவு சீக்கிரமாகவா மறந்துவிட்டோம்?

இனிக் கெஞ்சிப் பயனில்லை. மலையேற்றத்துக்குச் சீட்டு கொடுக்கும் எல்லா இடங்களிலும் பையைச் சோதித்து, தீப்பெட்டியோடு ஸ்பீக்கரையும் வாங்கி வைத்துக்கொண்டு, கீழே இறங்கிய பிறகே திருப்பித் தர வேண்டும். மறுப்பவர்களைப் பாதி வழியில் அல்ல, வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.