ஒரு கைப்பிடி உடைந்தால் முழு ஜன்னலையும் மாற்ற வேண்டுமா?

"ஹேண்டில் மட்டும் தனியா வராது அண்ணே. ஷட்டரோட மாத்திருங்க."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தம் கொதிக்கிறது. குளச்சலில் கேட்டாலும் இதுதான், நாகர்கோவிலில் கேட்டாலும் இதுதான், மார்த்தாண்டத்தில் பெரிய பெரிய கடைகளில் கேட்டாலும் இதுதான். கண்ணாடி நன்றாக இருக்கிறது. சட்டம் நன்றாக இருக்கிறது. கீல் நன்றாக இருக்கிறது. உடைந்தது கையால் பிடித்துத் திருப்பும் அந்தச் சின்னப் பிடி மட்டும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய விஷயம். அதற்கு நல்ல ஷட்டரை, அதாவது கண்ணாடியோடு திறந்து மூடுகிற முழுக் கதவையே, கழற்றிப் போட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதிது செய்யச் சொல்கிறார்கள். சைக்கிள் பெல் கெட்டுப் போனால் சைக்கிளையே மாற்று என்று யாராவது சொல்வார்களா? ஜன்னல் விஷயத்தில் மட்டும் கூசாமல் சொல்கிறார்கள்.

எங்கள் வீடு முட்டத்துக்குப் பக்கம். யூபிவிசி ஜன்னல், அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் வைத்த ஜன்னல் போட்ட வீடு. உடைந்தது மேற்குப் பக்கத்து ஜன்னல். அந்தப் பக்கம் ஜன்னல் மூடவில்லை என்றால் என்ன ஆகும் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜூனில் தென்மேற்குக் காற்று ஆரம்பித்தால் மழை நேராக விழாது, படுத்துக்கொண்டு வரும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த மழை. இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. ஜன்னலைக் கயிறு போட்டுக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறோம். ஆனால் கயிறு இழுத்துப் பிடிக்குமே தவிர, சட்டத்தில் இருக்கிற ரப்பரோடு ஷட்டரை அழுத்தி மூடாது. அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் வருகிறது, உப்புக் காற்று வருகிறது, இரவெல்லாம் டக் டக் என்று அடிக்கிறது. அம்மாவின் கட்டிலை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டோம். எழுபது வயது தாண்டியவரை ஒரு கைப்பிடி கிடைக்காத குற்றத்துக்காக அறை மாற வைத்திருக்கிறோம். எனக்குக் கோபம் வருமா வராதா?

இந்த ஜன்னல்களை விற்கும்போது என்ன சொன்னார்கள் தெரியுமா? "துருவே பிடிக்காது சார், கடல் காத்துக்கு இதுதான் சரி, ஆயுசுக்கும் பாக்க வேண்டாம்." சட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான், பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. ஆனால் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் சட்டமா? கைப்பிடி உலோகம். அதைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ உலோகம். உள்ளே ஓடுகிற கம்பி உலோகம். அதை நகர்த்துகிற கியர் உலோகம். அசைகிற பாகம் எல்லாமே உலோகம், அத்தனையும் உப்புக் காற்றில்தான் நிற்கின்றன. இதைச் சொல்லாமல் மறைத்துத்தானே விற்கிறார்கள்?

உடைந்த கைப்பிடியை நானே கழற்றிப் பார்த்தேன். கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அடிப்பாகத்தில் ஒரு மூடி இருக்கும், அதைக் கால் சுற்று திருப்பினால் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவற்றை எடுத்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும். பெரும்பாலான கைப்பிடிகள் துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்தவை, மேலே வெள்ளைப் பெயின்ட். பெயின்ட்டில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உப்பு ஈரம் உள்ளே இறங்கி, அடியில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடுகிறது. ஸ்க்ரூ சாதா இரும்பில் லேசாகத் துத்தநாகம் பூசியது. அது செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கடலோரத்தில் குடியிருக்கும் ஊரில், இந்த ஸ்க்ரூவைப் போடலாம் என்று எந்த மனசு வந்தது? அலுமினிய ஜன்னல் வைத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ போட்டு உப்பு ஈரமும் சேர்ந்தால், ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியமே அரித்துப் போகும். அப்புறம் ஓட்டை பெரிதாகி எந்த ஸ்க்ரூவும் பிடிக்காது.

கடற்கரைக்குத் தகுந்த சரக்கு உலகத்தில் இல்லாமல் இல்லை. 304 என்று ஒரு எவர்சில்வர் ரகம், 316 என்று இன்னொரு ரகம். 316-இல் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள், உப்பை அதிகம் தாங்கும். படகில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஜன்னல் கடையில் "316 ஸ்க்ரூ இருக்கா?" என்று கேட்டால், "எல்லாம் எஸ்எஸ்தான் அண்ணே" என்று பதில். எந்த எஸ்எஸ், அதாவது எந்த ரக எவர்சில்வர் என்று அவருக்கும் தெரியாது, அவருக்குச் சரக்கு கொடுத்தவருக்கும் அக்கறை இல்லை.

சரி, தரம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உடைந்தால் மாற்றுவதற்காவது வழி வேண்டாமா? இங்கேதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இந்தக் கைப்பிடி ஏதோ என் வீட்டுக்கு மட்டும் செய்த தனிச்சரக்கு இல்லை. பெரும்பாலான யூபிவிசி ஜன்னல்களில் கைப்பிடியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சதுரத் தண்டு 7 மில்லிமீட்டர். இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, மையத்திலிருந்து மையம் வரை, 43 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் வந்த அளவு, இங்கேயும் அதுதான் ஓடுகிறது. மாறுவது முக்கியமாகத் தண்டின் நீளம்தான், அது சட்டத்தின் கனத்தைப் பொறுத்தது. அலுமினிய ஜன்னல் சிலவற்றில் சதுரத் தண்டுக்குப் பதிலாக இரண்டு பல் போலக் கவை இருக்கும். கையில் ஒரு ஸ்கேலும் இரண்டு நிமிடமும் இருந்தால் எது வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் கடையில் யார் அளக்கிறார்கள்? உடைந்த கைப்பிடியை மேசையில் வைத்தால் கையில்கூட எடுப்பதில்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "பழைய மாடலாக்கும், இப்ப வரதில்ல." பழைய மாடலா? 7 மில்லி சதுரத்துக்கு என்ன பழசு, என்ன புதுசு? ஒரு கடையில் சுவர் முழுக்கப் புது ஜன்னல் சாம்பிள் மாட்டி வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. அதில் ஒன்றைக் காட்டி, "இது மாதிரி ஒண்ணு தாங்களேன், காசு தாரேன்" என்றேன். "அது டிஸ்பிளேக்கு. தனியா விக்க மாட்டோம்." கண்ணெதிரே அதே பொருள் தொங்குகிறது, விற்க மனசில்லை. ஏனென்றால் கைப்பிடியில் லாபம் இல்லை, ஷட்டரில்தான் லாபம்.

ஜன்னல் போட்டுத் தந்த கடைக்காரர் கதை தனி. வேலை பிடிக்கும்வரை ஒரு நாளைக்கு நாலு போன். இப்போது எடுப்பதே இல்லை. எடுத்தாலும், "பையன அனுப்புறேன்." பையன் வரவே இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் சதுர அடி இவ்வளவு, தொகை இவ்வளவு என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கம்பெனி கைப்பிடி, தண்டு என்ன நீளம், எந்த கியர் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு மிக்ஸி வாங்கினால்கூட மாடல் நம்பர் தருகிறார்கள். வீட்டுக்கே போட்ட ஜன்னலுக்குக் கிடையாது.

மாற்றுகிறவர்கள் செய்கிற இன்னொரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எப்படியோ கைப்பிடி கிடைத்து, ஆள் வந்து மாட்டிவிட்டுக் காசு வாங்கிப் போனார். கொஞ்ச நாளில் அதுவும் உடைந்தது. உடையாமல் என்ன செய்யும்? கைப்பிடி பல சமயம் தானாக உடைவதில்லை. உள்ளே இருக்கிற கியர் உப்பும் மணலும் சேர்ந்து இறுகிப் போகிறது. நாம் பலம் போட்டுத் திருப்புகிறோம், பலவீனமான இடம் கழுத்து, அங்கே முறிகிறது. கைப்பிடியைக் கழற்றியதும், சதுரத் தண்டை மட்டும் துளையில் விட்டு இடுக்கியால் திருப்பிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் குற்றம் கைப்பிடியில். இறுகிக் கிடந்தால் குற்றம் கியரில், அதற்கு எண்ணெய் விட வேண்டும், அதிலும் அசையாவிட்டால் கியரை மாற்ற வேண்டும். இதைப் பார்க்காமல் புதுக் கைப்பிடியை மாட்டுவது வேலையே இல்லை, அது ஏமாற்று.

நம்மூர் ஜன்னலில் உள்பக்கம் கம்பி வேறு இருக்கிறது. கம்பி இடுக்கில் கையை விட்டு, வெளியே திறக்கிற ஷட்டரின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். பிடி கொஞ்சம் நீளமாகவோ உயரமாகவோ இருந்தால் கம்பியில் இடிக்கும், முழுச் சுற்று வராது, பாதியிலேயே விட்டு இழுப்போம். அதிலும் உடையும். ஜன்னல் செய்கிறவருக்கும் கம்பி அடிக்கிறவருக்கும் நடுவில் பேச்சே கிடையாது. அவர் அளவு அவருக்கு, இவர் அளவு இவருக்கு. கஷ்டம் குடியிருப்பவருக்கு.

கடலோரம் என்று மட்டும் இல்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் உப்பு இல்லை, ஆனால் காற்று இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மாவா? அங்கே திறந்து வைத்த ஷட்டரைக் காற்று பிடுங்கி அடிக்கிற அடியில், ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி வைக்கிற ஸ்டே கம்பி வளைகிறது, கீல் தளர்கிறது, ஷட்டர் தொங்கிப் போய்க் கைப்பிடி பூட்டுக்கு நேராக வருவதில்லை. அவர்களுக்கும் இதே பதில்தான்: முழுசா மாத்துங்க.

எங்கள் தாத்தா வீட்டில் அயனி மரத்தில் ஜன்னல். கொக்கியும் தாழ்ப்பாளும் கொல்லன் அடித்துத் தந்தவை. தாழ்ப்பாள் தேய்ந்தால் பட்டறையில் கொண்டு கொடுப்பார்கள், மறுநாள் அதே அளவில் இன்னொன்று கிடைக்கும். அந்த ஜன்னலிலும் குறை உண்டு, மழைக்கு உப்பி நிற்கும், சாரலைத் தடுக்காது, அது உண்மை. ஆனால் ஒரு கொக்கி போனதற்காக ஜன்னலைப் பெயர்த்து எறி என்று எந்த ஆசாரியும் சொன்னதில்லை. இன்றைக்கு நாம் கொடுக்கிற காசுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த வருடக் கடைசியில் ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். வாகனம், மொபைல், வீட்டுச் சாதனங்கள், விவசாயக் கருவிகள் என்று நாலு துறையை முதலில் எடுத்தார்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் கதவும் ஜன்னலும் அந்தப் பட்டியலில் இல்லை. மொபைலை நாலு வருடத்தில் மாற்றிவிடுகிறோம். ஜன்னல் இருபது, முப்பது வருடம் இருக்க வேண்டிய பொருள். உதிரிபாகம் அதற்குத்தானே முதலில் கிடைக்க வேண்டும்?

இது சொகுசுப் பிரச்சினை என்று நினைக்கிறவர்கள் 2017 நவம்பர் கடைசியை நினைத்துப் பாருங்கள். ஒக்கி புயல் அடித்த அந்த ராத்திரியும் பகலும் இந்த மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு, காற்றுக்கு முன்னால் பூட்டாத ஜன்னல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் நிலைமையையும் யோசியுங்கள். வீட்டுக்காரர், "நீங்கதான உடைச்சிய, நீங்களே மாத்துங்க" என்பார். கடையில் முழு ஷட்டர் விலை சொல்வார்கள். ஒரு மாத வாடகை அதிலேயே போகும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து கேட்டு வாங்குங்கள். கைப்பிடியின் கம்பெனி, தண்டின் நீளம், கியரின் அளவு, ஸ்க்ரூ என்ன ரகம் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வேலை முடியும்போதே இரண்டு கைப்பிடி கூடுதலாக வாங்கி வையுங்கள். ஏற்கெனவே ஜன்னல் போட்டவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணி நனைத்துக் கைப்பிடியையும் கீலையும் துடையுங்கள், உப்பு படிந்து நிற்கக் கூடாது. கியருக்கு லேசான எண்ணெய் போதும், கெட்டி கிரீஸ் மணலைப் பிடித்து வைக்கும்.

கடைக்காரர்களே, உங்களிடம் நான் ஓசி கேட்கவில்லை, காசு கொடுத்துத்தான் கேட்கிறேன். சதுரத் தண்டு 7 மில்லி. ஸ்க்ரூ இடைவெளி 43 மில்லி. தண்டு நீளம் எனக்கு 35 மில்லி வேண்டும், மற்றவர்களுக்கு வேறு இருக்கலாம், மூன்று நாலு நீளத்தில் வாங்கி வையுங்கள். ஸ்க்ரூ 316-இல் வாங்குங்கள். பிடி கம்பியில் இடிக்காத உயரத்தில் இருக்கட்டும். ஒரே ஒரு பெட்டி சரக்கு உங்கள் கடை மூலையில் எவ்வளவு இடத்தை அடைத்துவிடும்? முட்டத்திலிருந்து மணவாளக்குறிச்சி வரை எத்தனை வீட்டு ஜன்னல் இப்போது கயிற்றில் நிற்கிறது என்று ஒருநாள் நடந்து வந்து பாருங்கள். எல்லோரும் உங்களிடம்தான் வாங்குவோம்.