ஏன் என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்

"ஆர்டிஐ போட்டேன், ஒன்றும் வரவில்லை" என்று யாராவது சொன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) கீழ் அவர்கள் எழுதிய மனுவை வாங்கிப் படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அதில் இருப்பது மனக்குமுறல். எங்கள் தெருவுக்கு ஏன் இவ்வளவு மோசமாகச் சாலை போட்டீர்கள், இதற்கு யார் பொறுப்பு, இது நியாயமா? கோபம் சரியானதுதான். ஆனால் இப்படிக் கேட்டால், கேள்வி வடிவில் இருப்பதால் தகவல் தர இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், சட்டமும் அவர்கள் பக்கமே நிற்கும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஏற்கெனவே பதிவில் இருப்பதைத்தான் நமக்குத் தருகிறது. அலுவலர் புதிதாக யோசித்து விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்று சிபிஎஸ்இ - ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (மாணவர்கள் தங்கள் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.)

அதனால் ஆவணத்தைக் கேளுங்கள். சாலை என்றால் அந்தப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில், எல்லாவற்றுக்கும் மேலாக எம் புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகல். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டிருப்பது அதில்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு சாலையில் போய் நின்றால் மீதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. சட்டத்தின் 2(j) பிரிவு நகலோடு நிற்கவில்லை, பணியை நேரில் ஆய்வு செய்யலாம், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியையே வாங்கலாம் என்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம் போல நம் சொந்த மனு தூங்குகிறது என்றால், என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, கோப்பில் அவர் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும், இவ்வளவு போதும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரின் ஓய்வூதிய மனு ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. இப்படி நாலு வரி எழுதிப் போட்டோம், தகவல் வருவதற்கு முன்பே ஆணை வந்துவிட்டது. இது நடக்க ஒரு சட்டத்தைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மற்றதெல்லாம் எளிது. வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதலாம், தமிழக அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் சரி, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பயமில்லை, 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை. எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அலுவலரே உதவ வேண்டும். அப்படி உதவி நான் இதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் அலுவலகத்திலிருந்து அந்த போன் வரும். "எதுக்குக் கேக்குறீங்க?" 6(2) பிரிவின்படி காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுங்கள். ஆனால் மணல், நிலம், குவாரி போன்ற விஷயங்களில் தனி ஆளாகக் கேட்காதீர்கள். கிர் காட்டை ஒட்டிய சட்டவிரோதச் சுரங்கங்களுக்கு எதிராகப் போராடிய தகவல் உரிமை ஆர்வலர் அமித் ஜேத்வா 2010ல் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே ஆவணத்தைப் பல ஊர்களிலிருந்து பல பேர் தனித்தனியாகக் கேட்டால் யாரை மிரட்டுவது என்றே தெரியாது.

30 நாளில் பதில் வர வேண்டும், உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். வராவிட்டால் மறுத்ததாகவே கணக்கு. இங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், அலுவலகங்கள் நம்பியிருப்பதும் அதைத்தான். அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். கெடு தாண்டியதால் இனி நகல் இலவசம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். அங்கே காத்திருப்பு நீளும், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் அந்த அலுவலர் தலையில் விழலாம் என்பதால் முதல் மேல்முறையீட்டையே அவர்கள் வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

இப்போது எனக்குப் பெரிய கவலை வேறு. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்துக்கான போராட்டமே பெயர்களைப் படித்ததில் வளர்ந்தது. 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் சமூக ஆர்வலர் அருணா ராய் போன்றவர்களோடு சேர்ந்து வேலை வருகைப் பட்டியலை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். வேலையே பார்க்காதவர்கள், செத்துப்போனவர்கள் பெயரிலெல்லாம் கூலி எழுதப்பட்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. பெயரை மறைத்துவிட்டுப் பட்டியலைக் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வது?

நல்லவேளை, 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மறைப்பதால் வரும் பாதுகாப்பைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. 8(1)(j)யைக் காட்டி மறுத்தால் மேல்முறையீட்டின் முதல் பத்தியிலேயே 8(2) என்று எழுதுங்கள். மனுவில் காரணம் வேண்டாம் என்றேன், ஆனால் இங்கே இந்தத் தகவலால் யாருக்கு என்ன நன்மை என்று இரண்டு வரி எழுதத்தான் வேண்டும். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5)ன்படி தகவல் அலுவலருடையது, அதையும் கீழே சேர்த்துவிடுங்கள்.