நீச்சலை வெட்டிவிட்டு நீச்சல்காரியைப் பாடுவதா?

சிரிய அகதி நீச்சல்காரி யுஸ்ரா மார்டினியின் கதையை நாம் சனிக்கிழமை போட்ட பாட்டு நாடகத்தைப் பற்றி எல்லாரும் எழுதியாச்சு. பிள்ளைகள் அருமை, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் இரண்டாம் பாதியில் இருந்த நீச்சல்குளப் பாட்டை "நேரம் இழுக்குது" என்று முந்தின நாள் தூக்கியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

யுஸ்ரா மார்டினி படகில் ஏறுவதற்கு முன்பே நீச்சல்காரி. அப்பா பயிற்றுநர். 2012இல் இஸ்தான்புல்லில் நடந்த 25 மீட்டர் குள உலகப் போட்டியில் சிரியாவுக்காக நீந்தினார். மூன்றே வருஷத்தில், 2015 ஆகஸ்டில், அதே துருக்கியின் கரையில் ஆறேழு பேருக்கான ரப்பர் படகில் இருபது பேரோடு ஏறினார். என்ஜின் நின்றது. அக்கா சாராவும் அவரும் இன்னும் சிலரும் தண்ணீரில் இறங்கி, மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீந்தி லெஸ்போஸ் தீவில் படகைச் சேர்த்தார்கள். இதைப் பாடினீர்கள், சரி. அப்புறம் பெர்லினில் ஸ்பாண்டாவ் 04 கிளப்பில் பயிற்சி எடுத்து, 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் பத்துப் பேரில் ஒருவராக 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் 1:09.21இல் தன் ஹீட்டை, அதாவது முதல் சுற்றில் தன் பிரிவுப் பந்தயத்தை, வென்றாரே, அது எங்கே?

"மொத்தம் 45 பேரில் 41ஆவது, பதக்கமும் இல்லை, இதில் பாட என்ன இருக்கு?" என்கிறார் ஒருவர். முந்தின வருஷம் கடலில் கிடந்த பெண் தன் ஹீட்டில் முதலாவதாகச் சுவரைத் தொட்டார். அதைப் பாடாமல் வேறு எதைப் பாடுவது? பதக்கம்தான் வேண்டுமென்றால் 2024 பாரிஸில் சிண்டி எங்காம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கினார், அகதிகள் அணிக்கு முதல் பதக்கம். அதுவும் பயிற்சியில் வந்ததுதான்.

"கைத்தட்டல் படகுக்குத்தான் விழுந்தது." உண்மை. நீச்சல் பாட்டு ஒத்திகையில் இழுத்ததும் உண்மை. ஏன் இழுத்தது என்று யார் பார்த்தீர்கள்? பட்டர்ஃபிளையில் ஒரு கைவீச்சுக்கு இரண்டு உதை: கை தண்ணீரில் இறங்கும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. பெரும்பாலும் இரண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு. ஒரு உதைக்கு ஒரு அட்சரம், அதாவது தாளத்தில் ஒரு எண்ணிக்கை, என்று வைத்தால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் நான்கு வீச்சு உட்காரும். நாலிலும் எட்டிலும் தலை மேலே வரும். அந்த இரண்டு இடத்திலும் சொல் வைக்கக் கூடாது. நம் பாட்டில் சரியாக அங்கேதான் "விடுதலை"யை இழுக்க வைத்தார்கள். மூச்சு வாங்க இடமில்லாமல் நாலாவது தாளச் சுற்றில் சுருதி இறங்கத்தான் செய்யும். வேகமும் கோளாறு. பந்தயத்தில் நிமிஷத்துக்கு ஐம்பது வீச்சுக்குக் குறையாது, அதாவது நூறு அட்சரம். உருக்கம் வேண்டுமென்று எழுபதுக்கு இறக்கினார்கள். பந்தயம் தாலாட்டாகிவிட்டது.

யுஸ்ராவாகப் பாடுகிற பொண்ணை ஸ்டூலில் குப்புறப் படுக்க வைத்தது இன்னொரு கோளாறு. ஒத்திகை பார்த்தவர்களுக்குத் தெரியும்: வயிறு அழுந்தி, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டாவது சரணத்தில் குரல் பிசிறும். நின்றபடி இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து கை வீசினாலே போதும். கை தலைக்கு மேல் போகும் வரிகளைக் கோரஸ் பாடட்டும். மைக்கை நீச்சல் தொப்பிக்குள் செருகினால் ரப்பர் குரலை மூடிவிடும். காதுக்கு முன்னால் கன்னத்தில் ஒட்ட வேண்டும். பிடரியில் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு ஒட்டாவிட்டால் முதல்முறை தலை தூக்கும்போதே பிடுங்கிக்கொள்ளும். இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. அதைச் செய்யாமல் பாட்டையே வெட்டினீர்கள்.

உழைப்பைக் குறை சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள். "அகதி கதைதானே, கண்ணீர்தானே முக்கியம்" என்றீர்களே, அதுதான் வலிக்கிறது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை. அகதிப் பிள்ளைக்கு இங்கே அரசுப் பள்ளியில் இடமில்லை. பள்ளி இல்லையென்றால் பள்ளிப் போட்டியும் இல்லை. மாவட்டம், மாநிலம் என்று ஏறும் படியே இல்லை. கோலாலம்பூர் பக்கம் செலாயாங்கில் பந்து உதைக்கிற ரொஹிங்கியாப் பையன் எந்த அணிக்கு விளையாடுவான்? ஈழத்திலிருந்து வந்த நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அப்படிச் சிலர் அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தப்பி வந்த கதை அவர்களுக்குப் புதிதில்லை. வந்த பிறகு ஒருத்தி எப்படிப் பயிற்சி எடுத்து ஜெயித்தாள் என்பதைத்தான் காட்டாமல் அனுப்பிவிட்டோம்.

பட்டர்வொர்த்தில் இதே நாடகத்தை இன்னொரு முறை மேடையேற்றுவது பாக்கி இருக்கு. அண்ணே, நேரம்தான் பிரச்சினை என்றால் படகுப் பாட்டின் மூன்றாவது சரணத்தை எடுங்கள், முதல் சரணம் சொன்னதையேதான் அது திரும்பச் சொல்கிறது. நீச்சல் பாட்டு இப்போது நாலு நிமிஷம். நூறு அட்சரத்துக்கு ஏற்றினால் மூன்றுக்குள் முடிந்துவிடும்.